இருபது நிமிடம், வாரம் மூன்று முறை

பள்ளி ரக்பி ஆடும் பிள்ளைகளைப் பெற்ற இங்கிலாந்துக்காரர்களுக்கு 2017-இல் ஒரு நல்ல செய்தி வந்தது. பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் முன்னால் இருபது நிமிடம் செய்யும் ஒரு உடற்பயிற்சித் திட்டம், காயங்களை 72 சதவீதம் குறைக்கிறது என்றது அந்தச் செய்தி. தலை அதிர்ந்து மூளை குலுங்குவதால் ஏற்படும் 'கன்கஷன்' என்ற பாதிப்பை அது 59 சதவீதம் குறைக்கிறதாம். மருந்து வேண்டாம், விலை உயர்ந்த கருவி வேண்டாம். பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்து ரக்பி சங்கத்துடன் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்' இதழில் வெளியானது.

அதே ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஆய்வில் இருந்த அணிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், காயங்கள் குறைந்தது 15 சதவீதம்தான். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஒரே ஆய்வு, ஒரே பருவம், இரண்டு எண்கள். 72 எங்கிருந்து வந்தது? 15 எங்கிருந்து வந்தது? பையன்களை மைதானத்தில் இறக்கும் ஒரு பயிற்சியாளர் எதை நம்ப வேண்டும்? பிள்ளைகளின் முழங்காலும் மூளையும் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் இதை மேலோட்டமாக விட்டுவிட முடியாது. 'வேலை செய்கிறது' என்று ஒன்றைச் சொல்வதற்குமுன் அறிவியல் என்னென்ன கேட்கிறது என்பதற்கு இந்த ஆய்வைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

மோதுவதற்கென்றே ஓர் ஆட்டம்

ரக்பியில் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம். அப்படி ஓடி வருபவரைக் கைகளால் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்ப்பது எதிரணியின் வேலை. இதற்குப் பெயர் டேக்கிள். அமெரிக்கக் கால்பந்தில் இருப்பதுபோல கடினமான தலைக்கவசமோ தோள்கவசமோ இங்கே கிடையாது. பல்லுக்கு ஓர் உறை, விரும்பினால் தலைக்கு மெல்லிய பஞ்சுத் தொப்பி, அவ்வளவுதான். ரக்பிக் காயங்களில் ஏறக்குறையப் பாதி டேக்கிளின்போது நேர்பவை.

பாதுகாப்பைப் பற்றிய சண்டை இந்த ஆட்டத்தில் தொடக்கம் முதலே உண்டு. 1863-இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் உருவானபோது, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே வேண்டுமென்றே உதைப்பதை அனுமதிக்க வேண்டும் என்று பிளாக்ஹீத் சங்கத்தார் வாதாடினார்கள். அது நடக்காததால் வெளியேறினார்கள். ஆனால் 1871-இல் ரக்பிக்கென்று தனிச் சங்கம் பிறந்தபோது, ரக்பிக்காரர்களே அந்த உதையைத் தடைசெய்துவிட்டார்கள். ஆட்டத்தின் வீரியம் போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். ஆட்டம் அழியவில்லை, வளர்ந்தது.

பள்ளிப் பருவத்தில் ஆபத்துக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. அணிகளை வயதை வைத்துப் பிரிக்கிறார்கள். வளர்ச்சியோ வயதைக் கேட்டு வருவதில்லை. மீசை முளைத்து, தோள் அகன்ற பதினைந்து வயதுப் பையனும், இன்னும் குரல்கூட உடையாத பதினைந்து வயதுப் பையனும் ஒரே மைதானத்தில் மோதுகிறார்கள். எலும்பு வேகமாக நீளும் அந்த வருடங்களில், நீண்ட கை கால்களைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள உடம்புக்குச் சிறிது காலம் பிடிக்கிறது.

ஆபத்து எவ்வளவு என்பதை அளந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 16 முதல் 18 வயது வரையிலான வீரர்களைக் கண்காணித்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பள்ளி அணிகளில் 1,000 ஆட்ட மணி நேரத்துக்கு 35 காயங்களும், தொழில்முறைக் கழகங்களின் இளையோர் அணிகளில் 47 காயங்களும் பதிவாயின. 'ஆட்ட மணி நேரம்' என்றால் ஒரு வீரர் ஒரு மணி நேரம் களத்தில் இருப்பது. 15 பேர் கொண்ட ஓர் அணி ஒரு மணி நேர ஆட்டம் ஆடினால் 15 மணி நேரம் சேரும். ஆக, 1,000 மணி நேரம் என்பது ஏறத்தாழ 67 ஆட்டங்கள். 67 ஆட்டங்களில் 35 காயங்கள் என்றால், இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை அணியில் ஒரு பையன் அடிபட்டு உட்காருகிறான். சில நாளில் மீள்பவர்களும் உண்டு, பல மாதம் ஆட முடியாமல் போகிறவர்களும் உண்டு.

நாற்பது மில்லி விநாடி

உடற்பயிற்சியால் இதைத் தடுக்க முடியும் என்று நம்புவதற்கு என்ன அடிப்படை? முழங்காலிலிருந்து தொடங்கலாம்.

ஓடி வரும் வீரர் எதிராளியை ஏமாற்றச் சட்டென்று திசை மாறுகிறார். ஒரு கால் தரையில் ஊன்றுகிறது. உடம்பின் எடை முழுவதும் அதன்மேல். அந்தக் கணத்தில் முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தால், மூட்டுக்குள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்திருக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்துபோகலாம். இப்படி அறுந்த தருணங்களின் வீடியோக்களைச் சட்டம் சட்டமாகப் பிரித்துப் பார்த்த நார்வே ஆய்வாளர்கள், பாதம் தரையைத் தொட்ட பிறகு சுமார் 40 மில்லி விநாடிக்குள் இது நடந்து முடிகிறது என்று கணித்தார்கள். ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கால் சரிகிறது என்று உணர்ந்து, யோசித்து, நிமிர்த்துவதற்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் வேண்டும். ஊன்றிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. தொடைத் தசையும் இடுப்புத் தசையும், பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே சரியான அளவில் இறுகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்துதான் உடம்பில் பதிக்க முடியும்.

கழுத்தின் கதையும் இதைப் போன்றதுதான். கன்கஷனுக்குத் தலையில் நேரடியாக அடி விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மார்பில் விழும் மோதல்கூடத் தலையைச் சுண்டி இழுக்கும். மண்டைக்குள் மூளை குலுங்கும். கழுத்துத் தசை வலுவாக இருந்து, மோதலுக்குமுன் இறுகியும் இருந்தால், தலை உடம்போடு சேர்ந்து நகரும். தனியே வெட்டி ஆடாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 6,704 மாணவ மாணவியரின் கழுத்து வலிமையை அளந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், வலிமை ஒவ்வொரு பவுண்டு கூடும்போதும் கன்கஷன் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அந்த மாணவர்கள் கால்பந்து, கூடைப்பந்து, லக்ராஸ் ஆடியவர்கள். ரக்பிக்கு இதை அப்படியே ஒட்ட முடியாது. ஆனாலும் கழுத்தைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல துப்பு.

நம்பிக்கை சோதனைக்கு வந்தபோது

நியாயமாகத் தோன்றுவது எல்லாம் பலன் தரும் என்றால் ஆய்வே தேவையில்லை. ஆட்டத்துக்குமுன் தசைகளை நீட்டிப் பிடித்து நின்றால் காயம் வராது என்று பல தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. 2000-ஆம் ஆண்டு வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 1,538 புதிய ராணுவ வீரர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு தரப்பு உடற்பயிற்சிக்குமுன் கால் தசைகளை நீட்டிப் பிடித்தது, மறுதரப்பு நீட்டவில்லை. நீட்டிய தரப்பில் 158 கால் காயங்கள், நீட்டாத தரப்பில் 175. அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். ஆண்டாண்டுக் காலம் செய்துவந்த ஒரு காரியத்துக்குக் காயம் தடுக்கும் சக்தி இருப்பதாகக் காட்ட முடியவில்லை.

அதன் பிறகு ஆய்வாளர்களின் கவனம் வேறு பக்கம் திரும்பியது. தசையை நீட்டுவதைவிட, உடம்பு அசையும் விதத்தைத் திருத்தினால் என்ன? நார்வேயில் 15 முதல் 17 வயது ஹேண்ட்பால் வீரர்கள் 1,837 பேரை வைத்து நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. சமநிலை, வலிமை, குதித்து இறங்கும் முறை ஆகியவற்றைச் சேர்த்த பயிற்சியைச் செய்த தரப்பில் 48 முழங்கால், கணுக்கால் காயங்கள். செய்யாத தரப்பில் 81. மூன்று ஆண்டு கழித்து, கால்பந்துக்காக வடிவமைக்கப்பட்ட '11+' திட்டத்தை நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரிடம் சோதித்தார்கள். எல்லாக் காயங்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு குறைவு. கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதி குறைவு. ஆனால் ஆய்வு தொடங்கும்போதே முதன்மை அளவுகோலாகக் குறித்துவைத்திருந்த கால் காயங்களில், குறைவு தெரிந்தாலும் புள்ளியியல் எல்லையை அது தாண்டவில்லை. அதை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

ஹேண்ட்பாலிலும் கால்பந்திலும் கிடைத்த பலன் ரக்பியில் கிடைக்குமா? அங்கே பல கடும் காயங்கள் யாரும் மோதாதபோது, தானாக இறங்கும்போதும் திரும்பும்போதும் வருபவை. இங்கே எதிரே இன்னோர் உடம்பு வந்து மோதுகிறது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

பயிற்சிக்குள் ஒரு பார்வை

பாத் ஆய்வாளர்கள் 14 முதல் 18 வயதினருக்கு உருவாக்கிய பயிற்சி பிறகு 'ஆக்டிவேட்' என்ற பெயரில் இங்கிலாந்தில் அறிமுகமானது. திசை மாற்றி ஓடுதல், ஒற்றைக் காலில் சமநிலை, உடம்பு முழுவதற்குமான வலிமைப் பயிற்சி, குதித்து இறங்குதல் என்று அது அமைந்திருக்கிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை பயிற்சி கடினமாகிக்கொண்டே போகும்.

ஒற்றைக்கால் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். பையன் ஒரு காலில் நிற்கிறான். மற்ற கால் பின்னால் மடங்கியிருக்கிறது. முதல் வாரங்களில் விழாமல் நின்றாலே போதும். பிறகு எதிரே நிற்கும் நண்பன் தோளை இலேசாகத் தட்டுகிறான், எந்தப் பக்கம் தட்டுவான் என்று முன்கூட்டித் தெரியாது. நிற்பவனின் பாதத்தைக் கூர்ந்து பார்த்தால் கணுக்காலின் சிறு தசைகள் ஓயாமல் துடித்துத் திருத்திக்கொண்டே இருப்பது தெரியும். பயிற்சியாளர் பார்க்க வேண்டியது முழங்காலை. அது பாதத்துக்கு நேர்மேலே இருக்கிறதா, பெருவிரலைத் தாண்டி உள்ளே சாய்கிறதா? சாய்ந்தால் அந்த இடத்திலேயே திருத்த வேண்டும். எத்தனை முறை செய்தான் என்பதைவிட எப்படிச் செய்தான் என்பது முக்கியமாகும் இடம் இது.

கழுத்துப் பயிற்சிக்கும் கருவி கிடையாது. ஒருவன் உள்ளங்கையை மற்றவன் நெற்றியில் வைத்து அழுத்துகிறான். அழுத்தப்படுபவன் தலையை அசையவிடாமல் தாங்க வேண்டும். பிறகு பக்கவாட்டில், பிறகு பின்புறம். தசை உழைக்கிறது, தலை அசைவதில்லை. மோதலின்போது கழுத்து செய்ய வேண்டியதும் அதுவே.

சீட்டுக் குலுக்கியது பள்ளிகளுக்கு

இனி ஆய்வின் அமைப்பு. 40 பள்ளிகள், 118 அணிகள், 3,188 மாணவர்கள். ஒவ்வொரு பையனுக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்காமல், பள்ளிகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகள் புதிய பயிற்சிக்கு, மீதிப் பள்ளிகள் ஒப்பீட்டுக்கு.

ஏன் அப்படி? ஒரே அணியில் பாதிப் பேருக்கு ஒரு பயிற்சி, மீதிப் பேருக்கு வேறு பயிற்சி என்றால் நடக்குமா? பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துச் செய்வார்கள். பயிற்சியாளரும் தனக்குப் பிடித்ததை எல்லாரிடமும் செய்யச் சொல்வார். ஒன்றோடொன்று கலந்துவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. பள்ளியை அலகாக எடுத்தால் கலப்பு குறையும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரே பள்ளிப் பையன்கள் ஒரே மைதானத்தில், ஒரே பயிற்சியாளரிடம், ஒரே எதிரணிகளோடு ஆடுகிறார்கள். அவர்களின் காயங்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். 3,188 பேர் என்று சொன்னாலும், புள்ளியியல் கண்ணுக்கு அது 3,188 தனித்தனிச் சாட்சிகளுக்குச் சமமாகாது. அதனால் முடிவின் துல்லியம் குறையும். பின்னால் வரும் எண்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒப்பீட்டுப் பள்ளிகளை வெறுமனே விட்டுவிடவும் இல்லை. அவர்களுக்கும் ஒரு பயிற்சித் தாள் கொடுத்தார்கள். பள்ளிகளில் வழக்கமாகச் செய்யும் ஓட்டம், அசைவோடு கூடிய நீட்டல், திசை மாற்றல் போன்றவை அதில் இருந்தன. இது நேர்மையான முடிவு. ஒன்றுமே செய்யாத அணியோடு ஒப்பிட்டிருந்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்திருக்கலாம். அந்த வித்தியாசம் புதிய பயிற்சியால் வந்ததா, ஏதோ ஒன்றை ஒழுங்காகச் செய்ததால் வந்ததா என்று பிரிக்க வழியில்லாமல் போயிருக்கும்.

காயம் என்றால் எது என்பதையும் முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். சிராய்ப்பையும் காயம் என்று ஒருவர் எழுதி, எலும்பு முறிவை மட்டும் இன்னொருவர் எழுதினால் கணக்கு குழம்பும். அடிபட்டவர் பயிற்சியிலோ ஆட்டத்திலோ இறங்க முடியாமல் போனால்தான் அது காயம் என்று இந்த ஆய்வில் வைத்துக்கொண்டார்கள்.

எண்களை நாமே கூட்டிப் பார்ப்போம்

பருவம் முடிந்தபோது ஆட்டங்களில் மொத்தம் 441 காயங்கள். புதிய பயிற்சித் தரப்பில் 233, ஒப்பீட்டுத் தரப்பில் 208.

இத்தோடு நிறுத்தியிருந்தால், புதிய பயிற்சி காயத்தைக் கூட்டிவிட்டது என்றே நினைப்போம். ஆனால் புதிய பயிற்சித் தரப்பு மொத்தம் 9,083 மணி நேரம் ஆடியிருந்தது. ஒப்பீட்டுத் தரப்பு 6,855 மணி நேரம்தான். அதிகம் ஆடியவர்களுக்கு அதிகம் அடிபடும். 233-ஐ 9,083-ஆல் வகுத்தால் 1,000 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 25.7. 208-ஐ 6,855-ஆல் வகுத்தால் 30.3. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 0.85. அதாவது 15 சதவீதம் குறைவு. ஆட்ட நேரத்தைக் குறிக்காமல் காயங்களை மட்டும் எண்ணும் எந்தப் பள்ளியும், எந்த மாவட்டமும் இதே பொறியில் விழும்.

இந்த 0.85 எவ்வளவு உறுதியானது? ஆய்வாளர்கள் கொடுத்த நம்பக எல்லை 0.61 முதல் 1.17 வரை. உண்மையான விளைவு 39 சதவீதக் குறைவாகவும் இருக்கலாம், 17 சதவீதக் கூடுதலாகவும் இருக்கலாம் என்று பொருள். 1 என்பது 'வித்தியாசமே இல்லை' என்பதைக் குறிக்கும் எண். அது இந்த எல்லைக்குள் இருக்கிறது. ஆகவேதான் ஒட்டுமொத்தக் காயங்களின் விளைவு தெளிவாக இல்லை என்றார்கள். கன்கஷனில் விகிதம் 0.71; எல்லை 0.48 முதல் 1.05 வரை. இதைத் 'தெளிவான குறைவு' என்று கட்டுரை சொல்கிறது.

இங்கே வாசகர் நின்று கேட்க வேண்டும்: 1.05-உம் எல்லைக்குள் இருக்கும்போது எப்படித் தெளிவு? மருத்துவ ஆய்வுகள் வழக்கமாக 95 சதவீத எல்லையைத் தருகின்றன. இங்கே தரப்பட்டது 90 சதவீத எல்லை; அது இன்னும் குறுகலானது. விளையாட்டு அறிவியலில் அப்போது பரவலாக இருந்த ஒரு கணக்கு முறையின்படி, விளைவு நன்மை பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த முறை இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் கிறிஸ்டின் சைனானி 2018-இல் விரிவாக விமர்சித்தார். கன்கஷன் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று இந்த எண்களை வைத்துச் சொல்லலாம். நிரூபணமாகிவிட்டது என்று சொல்லக் கூடாது.

72 எங்கிருந்து வந்தது?

பயிற்சித் தாளைக் கொடுப்பது ஒன்று, செய்வது வேறு. சில அணிகள் வாரத்துக்கு மூன்று முறையும் அதற்கு மேலும் செய்தன. சில அணிகள் அவ்வளவு செய்யவில்லை. சராசரியாக வாரம் மூன்று முறையாவது செய்த அணிகளை மட்டும் இரு தரப்பிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டபோது, விகிதம் 0.28-ஆக இறங்கியது. அதுதான் செய்தியில் வந்த 72 சதவீதம். எல்லை 0.14 முதல் 0.51 வரை. கன்கஷனுக்கு 0.41, எல்லை 0.17 முதல் 0.99 வரை.

பார்ப்பதற்கு வியப்பாக இருக்கும் இந்த எண்ணை எப்படி எடைபோடுவது? 1980-இல் வெளியான ஒரு பழைய இதயநோய் ஆய்வின் முடிவு இங்கே உதவும். குளோஃபிப்ரேட் என்ற மருந்தை ஒழுங்காக உட்கொண்டவர்களில் ஐந்து ஆண்டில் இறந்தவர்கள் 15 சதவீதம், ஒழுங்காக உட்கொள்ளாதவர்களில் 24.6 சதவீதம். மருந்தின் பெருமை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மருந்தே இல்லாத போலி மாத்திரையைப் பெற்ற தரப்பிலும் அதே கதை: ஒழுங்காக விழுங்கியவர்களில் 15.1 சதவீதம், விழுங்காதவர்களில் 28.2 சதவீதம். சொன்னதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் வேறு பல விதங்களிலும் வேறுபட்டவர்கள். அந்த வேறுபாடே அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ரக்பிக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். வாரம் மூன்று முறை விடாமல் செய்யவைக்கும் பயிற்சியாளர், டேக்கிள் முறையையும் கவனமாகச் சொல்லித்தருபவராக இருக்கலாம். அடிபட்ட பையனை உடனே வெளியே எடுப்பவராக இருக்கலாம். அப்படியானால் பாராட்டு யாருக்கு, பயிற்சிக்கா, பயிற்சியாளருக்கா? பாத் ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலைப் பாதி தீர்த்துவிட்டார்கள். ஒப்பீட்டுத் தரப்பிலும் வாரம் மூன்று முறை தங்கள் பயிற்சியைச் செய்த அணிகளோடுதான் ஒப்பிட்டார்கள். ஒழுங்கானவர்களை ஒழுங்கானவர்களோடு வைத்துப் பார்த்தது நியாயமான வழி. மீதிப் பாதி தீரவில்லை. குலுக்கலில் கிடைத்த சமநிலை, அணிகளைப் பின்னால் பொறுக்கி எடுக்கும்போது குலைந்துவிடுகிறது, எண்ணிக்கையும் சுருங்குகிறது. கன்கஷனின் எல்லை 83 சதவீதக் குறைவிலிருந்து வெறும் 1 சதவீதக் குறைவு வரை விரிந்து கிடப்பது அதனால்தான்.

எனவே 15 என்ற எண்ணும் 72 என்ற எண்ணும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். 'இந்தத் தாளைப் பள்ளிகளுக்கு அனுப்பினால் மொத்தத்தில் என்ன ஆகும்?' என்பதற்கு விடை 15, அதுவும் நிச்சயமில்லாமல். 'உண்மையிலேயே வாரம் மூன்று முறை செய்தால் என்ன ஆகலாம்?' என்பதற்கு விடை 72-ஐ நோக்கிச் சாய்கிறது. சரியான அளவு அதைவிடக் குறைவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கல்வித் துறை அதிகாரி பார்க்க வேண்டியது முதல் எண். பயிற்சியாளர் பார்க்க வேண்டியது இரண்டாவது.

ஒற்றை ஆய்வை வைத்து இதற்குமேல் போக முடியாது. மற்ற சாட்சிகளைக் கூப்பிட வேண்டும். அதே பாத் குழுவினர் இங்கிலாந்தின் 81 வட்டாரக் கழகங்களில் ஆடும் பெரியவர்களிடம் 42 வாரம் இதுபோன்ற பயிற்சியைச் சோதித்தார்கள். புதிய பயிற்சித் தரப்பில் கால் காயங்கள் சுமார் 40 சதவீதமும் கன்கஷன் சுமார் 60 சதவீதமும் குறைவு. '11+' ஆய்விலும் அதிகம் செய்த அணிகளில் காயம் குறைவு என்று பிறகு தெரியவந்தது. வேறு வயது, வேறு ஆட்டம், ஆனால் விளைவு ஒரே திசையில் போகிறது. எனக்கு நம்பிக்கை தருவது 72 என்ற ஒற்றை எண்ணைவிட இந்த ஒத்திசைவுதான். பள்ளி ஆய்வு பையன்களைப் பற்றியது மட்டுமே. பெண் பிள்ளைகளும் இன்று பெருமளவில் ரக்பி ஆட வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே அளவு சாட்சியம் சேர்த்துத் தருவது ஆய்வுலகத்தின் கடமை.

செய்தால்தானே

காயத் தடுப்பு ஆய்வுக்கு வில்லம் வான் மெக்கெலன் 1992-இல் நான்கு படிகள் வகுத்தார். காயம் எவ்வளவு என்று அள, ஏன் வருகிறது என்று கண்டுபிடி, தடுக்க ஒரு வழி செய், மறுபடி அள. ஆஸ்திரேலியாவின் கேரலின் ஃபிஞ்ச் 2006-இல் இது போதாது என்றார். ஆய்வுச் சூழலில் பலன் தந்த வழி, அன்றாட மைதானத்தில் யாரால், எப்படி, எந்த நெருக்கடிக்கு நடுவே செய்யப்படுகிறது என்பதையும் ஆராய வேண்டும் என்று இன்னும் இரண்டு படிகளைச் சேர்த்தார்.

வாரத்தில் இரண்டு பயிற்சி, ஒரு ஆட்டம் உள்ள பள்ளி அணியை நினைத்துக்கொள்வோம். மூன்று முறை என்ற அளவை எட்ட, ஒன்றைக்கூட விடக் கூடாது. ஒரு மணி நேரப் பயிற்சியில் இருபது நிமிடம் போனால் மூன்றில் ஒரு பங்கு போகிறது. மழை பெய்து மைதானம் சேறாக இருக்கும். எதிரணியின் பேருந்து தாமதமாக வரும். அடுத்த வாரம் முக்கியமான ஆட்டம் இருக்கும். பயிற்சியாளர் பந்தைக் கையில் எடுக்கத் துடிப்பார். ஒரே பயிற்சியை மாதக்கணக்கில் செய்தால் பையன்களுக்கும் சலிக்கும். முதலில் வெட்டப்படுவது 'வார்ம்-அப்' என்னும் இந்த முன்பயிற்சியாகத்தான் இருக்கும். காயம் வராமல் போன நாளை யாரும் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. அதனால் அதன் பலன் கண்ணில் படுவதில்லை. யாரையும் குறைசொல்லிப் பயனில்லை. பயிற்சி நேரத்துக்குள் இதையும் ஒரு பாடமாக வைத்தால், பந்தோடும் திசை மாற்றத்தோடும் சேர்த்து நடத்தினால், நேரம் வீணாவதாகத் தோன்றாது. பயிற்சியாளருக்கு நேரில் சொல்லித்தருவதும் அவசியம். சுவரில் ஒட்டிய தாள் யாருடைய முழங்காலையும் திருத்தாது.

வார்ம்-அப் மட்டுமே பிள்ளைகளைக் காக்கும் என்றும் எண்ணக் கூடாது. பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் பாடம் நடத்தும் திட்டங்களை நியூசிலாந்து 2001-லும் தென்னாப்பிரிக்கா 2009-லும் தொடங்கின. இங்கிலாந்து 2023-இல், தொழில்முறை அல்லாத ஆட்டங்களில் டேக்கிளின் உயரத்தை மார்பெலும்பின் அடிமட்டத்துக்குக் கீழே இறக்கியது. சட்டம், சொல்லித்தருதல், உடம்பைத் தயார்ப்படுத்துதல் ஆகிய மூன்றும் சேர வேண்டும். இவற்றில் எவருடைய அனுமதியும் கேட்காமல் ஒரு பயிற்சியாளர் நாளைக்கே தொடங்கக்கூடியது மூன்றாவது.

பள்ளி ரக்பி இலங்கையிலும் ஆழமாக வேரூன்றியது. கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக 1945 முதல் மோதிவருகின்றன. எந்த நாடானாலும், பிள்ளை ரக்பி ஆடும் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. 'உங்கள் பள்ளியில் காயத் தடுப்புப் பயிற்சி உண்டா?' என்று கேட்டால், உண்டு என்று சொல்லிவிடுவார்கள், 0.85 என்ற எண்ணுக்குப் பின்னாலிருந்த பள்ளிகளிலும் அது இருந்தது. 'போன வாரம் எத்தனை முறை செய்தீர்கள், யார் பார்த்துத் திருத்தினார்கள்?' என்று கேளுங்கள். மூன்று என்று பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.